பணம் பறிபோன முதல் நாளில் ஆதாரத்தைக் காப்பது எப்படி: 1930 முதல் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வரை

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மதியம், கும்பகோணத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு என் குரலில் ஓர் அழைப்பு வந்தது. சாலையில் வண்டி மோதிவிட்டது, மருத்துவமனையில் உடனே முன்பணம் கட்ட வேண்டும், என் கைப்பேசி உடைந்துவிட்டதால் வேறொருவர் எண்ணிலிருந்து பேசுகிறேன் என்று அந்தக் குரல் சொன்னது. அடுத்த நிமிடமே அதே எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கியூ.ஆர். படம் வந்தது. அப்பா இரண்டு தவணையாக 96,000 ரூபாய் அனுப்பினார். அந்த நேரத்தில் நான் சென்னையில், அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏமாந்தது தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் நல்ல எண்ணத்தில் ஆளுக்கொரு வேலை செய்தார்கள். அப்பா அருவருப்பில் அந்த அழைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கினார். என் மைத்துனர், அப்பாவின் ஜிமெயிலில் யாரோ புகுந்திருப்பதைக் கண்டுபிடித்து, கடவுச்சொல்லை மாற்றி, தெரியாத கருவிகளையெல்லாம் வெளியேற்றி, சந்தேகப்பட்ட மின்னஞ்சல்களை அழித்தார். மறுநாள் காலை கடையில் கொடுத்துக் கைப்பேசியையே ‘ரீசெட்’ செய்துவிட்டார்கள். நான் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது, மைத்துனர் முன்னதாக எனக்கு அனுப்பிவைத்த ஒரு வாட்ஸ்அப் உரைக் கோப்பு மட்டும்தான். அதிலும் ஒரு விபரீதம். அப்பா அந்த எண்ணை என் பெயரில் சேமித்திருந்தார். ஆகவே பணம் கேட்ட ஒவ்வொரு வரியின் முன்னும் என் பெயர் இருந்தது.

அடுத்த ஐந்து மாதம் நான் அலைந்த அலைச்சலில் பாதி, திருடன் அழித்ததைத் தேடி அல்ல. நாங்களே அழித்ததைத் தேடித்தான். 1930-க்கு அழைக்கவே ஐந்து மணி நேரம் ஆகிவிட்டதால், நிறுத்திவைக்க முடிந்தது 11,000 ரூபாய்தான். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், அழுவதற்கு முன் இந்த வரிசையைப் பாருங்கள்.

1. முதல் பத்து நிமிடம்: 1930

பணம் போயிருந்தால் வேறு எதையும் தொடாமல் 1930-க்கு அழையுங்கள். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைபர் குற்ற உதவி எண். கட்டணம் இல்லை. நீங்கள் தரும் பரிவர்த்தனை விவரத்தைக் கொண்டு, பணம் எந்த வங்கிக் கணக்கில் விழுந்ததோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். அங்கே இன்னும் தொகை இருந்தால் நிறுத்திவைக்கப்படும். பணம் ஒரு கணக்கில் தங்குவதே இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஐந்து என்று பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறும். எனவேதான் நிமிடக் கணக்கு.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கிக் கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, எதிர்த்தரப்பு யு.பி.ஐ. முகவரி அல்லது கணக்கு எண், எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிவர்த்தனைக் குறிப்பு எண். யு.பி.ஐ. என்றால் அது 12 இலக்கம். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் ‘யு.டி.ஆர்.’ என்றோ ‘யு.பி.ஐ. குறிப்பு எண்’ என்றோ இருக்கும். செயலிக்காரர்கள் தங்களுக்கென்று வேறொரு நீண்ட எண்ணும் போட்டிருப்பார்கள். நான் முதலில் அதைச் சொல்லி நேரத்தை வீணடித்தேன். இரண்டு தவணையாகப் போயிருந்தால் இரண்டு எண்ணையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

அழைப்பு முடிந்ததும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்த எண்ணைக் கொண்டு 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தளத்தின் முகவரி: சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். கடைசியில் ‘கவ் டாட் இன்’ இல்லாத எதையும் நம்பாதீர்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று தேடுபொறியில் வரும் விளம்பரங்கள் பல, ஏமாந்தவரை மீண்டும் ஏமாற்றும் வலைகள்.

கூடவே வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கும் அழைத்து, கணக்கின் யு.பி.ஐ. மற்றும் கார்டு சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கேயும் புகார் எண் கேட்டு வாங்குங்கள். அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாவது படியில் அந்த நேரம்தான் பேசும்.

2. கைப்பேசி: எதையும் நீக்காதீர்கள்

ஆத்திரத்தில் முதலில் செய்யத் தோன்றுவது, அந்த எண்ணைத் தடுப்பதும் உரையாடலை அழிப்பதும்தான். தடுக்கலாம், அழிக்கக் கூடாது. தடுப்பதற்கும் முன்னால் கீழே சொல்வதைச் செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து, முதலில் ‘மறையும் செய்திகள்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மோசடிக்காரர்கள் அதை 24 மணி நேரத்துக்கு வைத்திருக்கலாம். அப்படியிருந்தால் அணைத்துவிடுங்கள். ஆனால் அணைப்பது இனி வரும் செய்திகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே வந்தவை அவற்றின் கெடு முடிந்ததும் மறையும். ஆகவே உடனே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு விதமாகப் பதிவு செய்யுங்கள். ஒன்று, ஸ்கிரீன்ஷாட். எண், நேரம், தேதி எல்லாம் தெரியும்படி முழுத்திரையாக எடுங்கள். ஓரம் வெட்டாதீர்கள், அம்புக்குறி போடாதீர்கள், சிவப்பு வட்டம் இழுக்காதீர்கள். இன்னொன்று, வேறொரு கைப்பேசியால் காணொளி: உரையாடலைத் திறப்பதிலிருந்து தொடங்கி, தொடர்பு விவரப் பக்கத்தில் எண்ணைக் காட்டி, மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தி முடியுங்கள். அழைப்புப் பட்டியல், குறுஞ்செய்திகள், பணம் அனுப்பிய செயலியின் பக்கம் ஆகியவற்றுக்கும் இதேபோல்.

பிறகு வாட்ஸ்அப்பின் ‘ஏற்றுமதி’ வசதியால் உரையாடலைக் கோப்பாக எடுங்கள், படங்களோடு சேர்த்து. அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த எண் தொடர்புப் பட்டியலில் ஏதாவது பெயரில் இருந்தால், ஏற்றுமதிக் கோப்பில் எண் வராது, அந்தப் பெயர்தான் வரும். எங்கள் வீட்டில் நேர்ந்தது இதுதான். காவல் நிலையத்தில் அந்த அச்சுப்படியைப் படித்த காவலர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. பெயரில் சேமித்திருந்தால், அந்த நிலையிலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, தொடர்பிலிருந்து பெயரை மட்டும் நீக்கி, அதன் பின் ஏற்றுமதி செய்யுங்கள்.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவைத்து ‘சேமித்தாயிற்று’ என்று இருந்துவிடாதீர்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கும். எப்போது, எந்தக் கருவியில் எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் தகவலும் போய்விடும். யு.எஸ்.பி. கம்பியால் கணினிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

கைப்பேசியை ‘ரீசெட்’ செய்ய வேண்டாம். வைரஸ் பயம் இருந்தால் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். பழையதை விமானப் பயன்முறையில் வைத்து அலமாரியில் பூட்டுங்கள். நீதிமன்றத்தில் அந்தக் கருவியே மூல ஆவணம். மின்னணு ஆவணம் பற்றி 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவை விளக்கியபோது, கருவியின் உரிமையாளரே சாட்சிக் கூண்டில் ஏறி மூலக் கருவியைக் காட்டினால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்றது. நகல்கள் எத்தனை இருந்தாலும் மூலத்தின் எடை வேறு. ஒரு மாதம் கைப்பேசி இல்லாமல் இருக்க முடியாது என்பீர்கள். சில ஆயிரம் ரூபாய்க்குப் பழைய கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் நான் செய்யச் சொல்லும் பெரிய செலவு அதுதான்.

3. மின்னஞ்சலும் மேகச் சேமிப்பும்: படம் எடுங்கள், பிறகு பூட்டுங்கள்

அப்பாவின் ஜிமெயில் கணக்கோடு சேர்ந்த இணையச் சேமிப்பான கூகுள் டிரைவில் ஆதார், பான், வீட்டுப் பத்திரம், குடும்பக் காணொளிகள் எல்லாம் இருந்தன. என் மகளின் பிறந்தநாள் காணொளியில் நான் இரண்டு நிமிடம் பேசியிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவால் குரலை நகலெடுக்க அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. அவர்கள் அங்கிருந்துதான் எடுத்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார் என்ற தடயத்தை நாங்கள் பதிவு செய்யவே இல்லை.

கணக்கில் யாரோ புகுந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் எடுத்து இவற்றைப் படம் பிடியுங்கள். கூகுள் கணக்கின் ‘பாதுகாப்பு’ப் பகுதியில் கடந்த 28 நாட்களின் பாதுகாப்பு நிகழ்வுகளும், உள்ளே நுழைந்த கருவிகளின் பட்டியலும் இருக்கும். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால், பக்கத்தின் அடியில் வலப்பக்கம் ‘விவரங்கள்’ என்று சிறு எழுத்தில் ஓர் இணைப்பு உண்டு; அதில் அண்மைய நுழைவுகளின் ஐ.பி. முகவரியும் (இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நேரமும் தெரியும். பட்டியல் சிறியது. நீங்களே பதறி மீண்டும் மீண்டும் உள்ளே போய் வந்தால், திருடனின் வரி கீழே இறங்கி மறைந்துவிடும். முதல் முறையிலேயே எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, ஜிமெயில் அமைப்புகளில் ‘வடிகட்டிகள்’, ‘முன்னனுப்பல்’ என்ற இரண்டையும் பாருங்கள். வங்கியின் பெயர் வரும் அஞ்சல்களை உங்கள் கண்ணில் படாமல் குப்பைக்கு அனுப்பும் விதி ஒன்றை அவர்கள் போட்டுவைத்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த விதி போகாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. படம் எடுத்த பின் நீக்குங்கள். சந்தேகத்துக்குரிய அஞ்சலை அச்சிட்டு வைப்பது போதாது. அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ‘மூலத்தைக் காட்டு’ என்பதிலிருந்து பதிவிறக்குங்கள். அந்த அஞ்சல் எந்தெந்தச் சேவையகங்கள் வழியாக வந்தது என்ற தகவல் அதில்தான் இருக்கிறது. குப்பையில் போட்டவை 30 நாளில் தாமாக அழியும் என்பதால், அங்கேயும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இவை முடிந்ததும் கடவுச்சொல் மாற்றம், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, தெரியாத செயலிகளுக்குத் தந்த அனுமதி ரத்து ஆகியவற்றை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கணக்கே கை நழுவிப் போயிருந்தால், மீட்பு முயற்சியை வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து செய்யுங்கள். புதுக் கணினியிலிருந்து முயன்றால் கூகுள் உங்களையே சந்தேகிக்கும்.

கணக்கு கையில் வந்த பின் ‘கூகுள் டேக்அவுட்’ வழியாக முழு நகல் கேளுங்கள். அந்தப் பட்டியலில் ‘ஆக்சஸ் லாக் ஆக்டிவிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். அதில் குறி விழுந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கணக்குக்குள் யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு அதில்தான் வரும். நகல் தயாராகச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகும். பதிவிறக்க இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். கட்டணம் இல்லை, பெரிய பென் டிரைவ் ஒன்று போதும்.

4. ஹாஷ்: கோப்பின் கைரேகை

தடயவியலில் எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது இதுதான். கற்றுக்கொள்ள அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கோப்பை ஹாஷ் கணக்கீட்டுக்குள் செலுத்தினால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 குறிகள் கொண்டது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். இன்று எடுத்த காணொளியின் ஹாஷ் எண்ணைக் குறித்துவைத்தால், ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் அதே எண் வரும்போது, இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட முடியும்.

விண்டோஸ் கணினியில் ‘செவன்-சிப்’ என்ற இலவச மென்பொருளை நிறுவினால், கோப்பின் மேல் வலச்சொடுக்கும்போதே எஸ்.எச்.ஏ.-256 என்ற தேர்வு வரும். வந்த எண்ணைக் கையால் எழுதாதீர்கள், 64 குறியில் ஒன்று பிசகினாலும் பயனில்லை. நகலெடுத்து ஒரு பட்டியலில் ஒட்டுங்கள்: கோப்பின் பெயர், எடுத்த தேதி, நேரம், எந்தக் கருவி, ஹாஷ். பட்டியலை அச்சிட்டு, கையொப்பமிட்டு, தேதி போட்டு வையுங்கள். கோப்புகளை இரண்டு பென் டிரைவில் ஏற்றுங்கள். ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று வீட்டில். வீட்டுப் பிரதியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். பார்ப்பதற்குத் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. புகார்: தளத்திலும் நேரிலும்

தளத்தில் பதிவு செய்யும்போது நிகழ்ச்சியை விவரிக்கும் கட்டத்தில் குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும். சிறப்புக் குறியீடுகளை அது ஏற்காது. முதலில் ஒரு தாளில் நேர வரிசைப்படி எழுதிக்கொள்ளுங்கள்: மதியம் 1.10-க்கு அழைப்பு, 1.14-க்கு வாட்ஸ்அப் படம், 1.19-க்கு முதல் தொகை என்று. எங்கள் உணர்ச்சிகளையெல்லாம் கொட்டி நான் எழுதிய முதல் புகாரை, மறுபடி எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர்களுக்கு வேண்டியது எண்களும் நேரமும்.

தளத்தில் போட்டதோடு நில்லாமல், உங்கள் மாவட்டத்தின் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். மாநகர ஆணையரகப் பகுதி என்றால் அங்குள்ள நிலையத்துக்கு. கொண்டுபோக வேண்டியவை: எழுத்துப் புகார் இரண்டு பிரதி, ஒப்புகை எண், அடையாள அட்டை நகல், பணம் போன நாளைச் சேர்ந்த வங்கி அறிக்கை, பென் டிரைவ், ஹாஷ் பட்டியல். வங்கி அறிக்கையைக் கிளையில் முத்திரையோடு வாங்குங்கள்.

புகாரை வாங்கியதும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதுவே முதல் தகவல் அறிக்கை என்று நினைத்து நான் மூன்று வாரம் நிம்மதியாக இருந்துவிட்டேன். அது மனுவைப் பெற்றதற்கான ரசீது மட்டும். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லை எங்கள் நிலையத்துக்குள் வராது என்று திருப்பி அனுப்பவும் கூடாது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அஞ்சல் அனுப்பலாம். அதன் பிறகும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். விரைவு அஞ்சலில் ஒப்புகையோடு அனுப்புங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு. ஆகவே நிலையத்தில் ஆய்வாளர் எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போவது ஓர் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது அந்தச் சட்டத்தின் 66-டி பிரிவில் வரும். பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது 66-சி. எந்தப் பிரிவு என்பதைக் காவல்துறை முடிவு செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது, பணம் போனதையும் மின்னஞ்சல் கணக்கில் புகுந்ததையும் ஒரே புகாரில் இரண்டு தனிச் செய்திகளாகச் சொல்வது. நாங்கள் பணத்தை மட்டும் சொன்னோம். மின்னஞ்சல் பற்றி விசாரணையே தொடங்கவில்லை.

தாமதத்துக்கு இன்னொரு விலை உண்டு. 2022 ஏப்ரலில், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விசாரணைக்காகக் கைப்பேசியைக் கேட்டால் கொடுங்கள். ஆனால் கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதிய கைப்பற்றுதல் மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கைக்குப் பிறகு 90 நாட்களுக்குள் விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

6. 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணு ஆவணத்தின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அதன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பாதி இன்னும் பழைய 65-பி படிவங்கள். அவற்றை நிரப்பிக் கொண்டு போகாதீர்கள். புதிய சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது.

படிவம் இரண்டு பகுதி. பகுதி ‘ஏ’, ஆவணத்தைத் தருபவர் நிரப்புவது. பகுதி ‘பி’, நிபுணர் நிரப்புவது. பகுதி ‘ஏ’-யில் எந்த வகைக் கருவி என்று குறியிட வேண்டும். கணினி, கைப்பேசி, பென் டிரைவ் போன்றவற்றோடு ‘கிளவுட்’ என்றும் ஒரு கட்டம் உண்டு. டேக்அவுட் வழியாக எடுத்த கோப்புக்கு அதைக் குறியிடுங்கள். கருவியின் தயாரிப்பு, மாதிரி, நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் கேட்கும். கடைசியில் ஹாஷ் எண், எந்த முறையில் எடுத்தது என்ற விவரம், ஹாஷ் அறிக்கை இணைப்பு. நேரத்தை இந்திய நேரப்படி 24 மணிக் கணக்கில் எழுத வேண்டும். நான்காம் படியில் பட்டியல் போட்டிருந்தால் இது அரை மணி வேலை. இல்லாவிட்டால், நான் செய்ததுபோல், எல்லாக் கோப்புக்கும் ஐந்து மாதம் கழித்து ஹாஷ் எடுத்து, ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கைப்பேசி அப்பாவுடையது என்றால் பகுதி ‘ஏ’-யில் அப்பாதான் கையொப்பமிட வேண்டும். விவரம் தெரிந்தவன் என்பதால் நான் போட்டுக் கொடுத்தேன். வழக்கறிஞர் திருப்பித் தந்துவிட்டார். பகுதி ‘பி’-க்காக நீங்களாக ஒரு தனியார் நிபுணரைத் தேடிப் பணம் கட்டாதீர்கள். என்னிடம் ஒருவர் ஐந்திலக்கத் தொகை கேட்டார். விசாரணை அதிகாரி கருவியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்போகிறாரா என்று முதலில் கேளுங்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டு வசதியில்லையென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு.

7. வங்கிக்கு எழுத்தில்

தொலைபேசியில் சொன்னது போதாது. கிளை மேலாளருக்கு ஒரு கடிதம், அதன் பிரதியில் முத்திரை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின் சாரம் இது: வங்கியின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை இழப்பு உங்களுடையது. ஓ.டி.பி. போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது, தெரிவித்த பிறகு நேர்வது வங்கியுடையது. அப்பா தாமே அனுப்பியதால் எங்களுக்கு இது பயன்படவில்லை. ஆனால் கணக்குக்குள் புகுந்து எடுத்த வழக்குகளில் இதுதான் உங்கள் பிடிமானம். முதல் படியில் அழைத்த நேரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியே முறையிடலாம். கட்டணம் இல்லை. நிறுத்திவைக்கப்பட்ட தொகையைத் திரும்பப் பெற, நடுவர் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ் மனுப் போட்டோம். எங்கள் 11,000 ரூபாய் அப்படித்தான் வந்தது, புகார் கொடுத்த நான்காம் மாதத்தில்.

8. செயற்கை நுண்ணறிவை எங்கே விலக்க வேண்டும்

மங்கலான ஸ்கிரீன்ஷாட்டைத் தெளிவாக்குகிறேன் என்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றாதீர்கள். அவை இல்லாத புள்ளிகளை ஊகித்து வரைகின்றன. 3 என்பது 8 ஆகிவிடலாம். அந்தப் படம் அதன் பிறகு ஆதாரமே இல்லை. கைப்பேசியின் புகைப்படச் செயலி தானாகக் காட்டும் ‘மேம்படுத்து’ பொத்தானும் அப்படித்தான்.

புகார் எழுத உரையாடு செயலிகளைப் பயன்படுத்துவது தவறில்லை, எனக்கும் ஆங்கிலக் கடிதத்துக்கு உதவியது. ஆனால் வங்கி அறிக்கையையோ ஆதாரையோ அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே கசிந்த ஆவணத்தை இன்னொரு நிறுவனத்தின் சேவையகத்தில் நீங்களே கொண்டுபோய் வைப்பதாகிவிடும். பெயருக்குப் பதில் ‘க’, கணக்கு எண்ணுக்குப் பதில் ‘00’ என்று போட்டு எழுதவைத்து, உண்மை விவரத்தைப் பிறகு கணினியில் நீங்களே நிரப்புங்கள். அது தரும் சட்டப் பிரிவு எண்களைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் ஒப்படைக்காதீர்கள். எனக்கு அது 2024-க்கு முந்தைய பிரிவுகளைத் தந்தது.

அந்தக் குரல் இயந்திரம் செய்தது என்று நிரூபிக்க நான் பல இரவுகள் செலவிட்டேன். பணம் வாங்கிக்கொண்டு ‘போலிக் குரல் அறிக்கை’ தரும் தளங்களும் இருக்கின்றன. விசாரணை அதிகாரி அதைக் கேட்கவே இல்லை. அழைத்த எண், பணம் விழுந்த கணக்கு, ஐ.பி. முகவரி ஆகிய மூன்றும்தான் வழக்கை நகர்த்தின. உங்கள் உழைப்பை அங்கே வையுங்கள்.

9. கசிந்த ஆவணங்களுக்குப் பின்

பணத்தைவிட நீண்ட நாள் தொல்லை தருவது இது. ஆதாரின் உயிர்க்குறிப் பூட்டை (கைரேகை, கருவிழி கொண்டு சரிபார்ப்பதை நிறுத்தும் வசதி) உடனே போடுங்கள். ஆதார் தளத்திலேயே கடந்த ஆறு மாதத்தில் எங்கெல்லாம் உங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்றும் பார்க்கலாம். ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தெரியும். தெரியாத எண்ணை அங்கேயே புகார் செய்யலாம். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால், ஆண்டு முழுவதும் செலவில்லாமல் கண்காணிக்கலாம்.

வீட்டுப் பத்திரத்தின் நகல் போயிருந்தால், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றை அவ்வப்போது பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மேகத்தில் வைத்தே ஆக வேண்டிய அடையாள ஆவணம் என்றால், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் நகலை வையுங்கள். முழு நகல் வேண்டாம்.

வீட்டில் ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொண்டோம். அவசரமாகப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். எந்தக் கைப்பேசியிலும் எழுதிவைக்காத, எந்தக் காணொளியிலும் நாங்கள் உச்சரிக்காத சொல், அப்பாவின் சிறுவயதில் வீட்டில் இருந்த பசுவின் பெயர். சென்ற மாதம் நான் உண்மையாகவே வேறு எண்ணிலிருந்து அழைத்தேன். அப்பா முதலில் அதைத்தான் கேட்டார்.